நான் கழற்றி வைத்த இரண்டு பேட்டரிகள்

இல்லை, உன் கணக்கில் பிழை இல்லை. முந்தாநாள் நீ போனில் அப்பாவிடம் சொன்னதை அவர் சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார், பெரிய விஷயம் இல்லாததுபோல. கஹவத்தைப் பக்கத்துத் தோட்டங்களில் மலைச்சரிவுகளில் மண் இறங்குகிறதா என்று பார்க்கும் பெட்டி வைக்கும் வேலைக்கு உன் கம்பஸ் சார் உன்னை மறுபடி கூப்பிட்டிருக்கிறார். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கொழும்பில் கடைகளுக்கு பில் போடும் அந்த கம்பனியிலேயே இருந்துவிடப் போகிறாயாம். "எனக்கு அந்தக் கணக்கு வராதுப்பா. ரெண்டு வருசம் தாங்கும்னு சொன்னேன், நாலு மாசத்துல செத்துப்போச்சு" என்றாயாம். அப்பா சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் பருப்பு கேட்டார். ஊற்றினேன். பாதி தட்டுக்கு வெளியே போனது.

அது செத்ததற்குக் காரணம் நான்.

இந்த ஒரு வரியை எழுத எனக்குப் பதினேழு மாதம் ஆகியிருக்கிறது. இனி மற்றதையும் எழுதிவிடலாம். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்வேன், பொறுத்துக்கொள். முதலிலிருந்து வந்தால்தான் எனக்குச் சொல்ல வரும்.

நீ அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தது ஒரு ஜனவரி. அதற்கு முந்தைய மழையில்தான் நாம் இருக்கிற லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மண் கொஞ்சம் இறங்கி, கக்கூஸ் சுவர் ஒன்று சாய்ந்திருந்தது. ஆட்கள் வந்து அளந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். நீ கடைசி வருடத்துப் படிப்பு வேலைக்கு அந்தச் சரிவையே எடுத்துக்கொண்டாய். யட்டியாந்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்து வந்தாய். உள்ளே சவர்க்காரப் பெட்டியளவு ஒரு வெள்ளைப் பெட்டி. இரண்டு பென்டோர்ச் பேட்டரி. மண்ணில் புதைக்க ஒரு கம்பி. நான் வேலை பார்க்கும் புள்ளைக்காம்பராவுக்குப் பின்னால், வேலியிலிருந்து மூன்று எட்டு மேலே, இரும்புக் குழாயை அடித்து இறக்கி அதில் பெட்டியைப் பொருத்தினாய். காலையில் ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போகிற தாய்மார் தங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற அறைக்கு நேர் மேலே. இடத்தை நீ தேர்ந்தெடுத்த விதத்திலேயே எனக்குத் தெரிந்தது, யாரை நினைத்துச் செய்கிறாய் என்று.

அப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். லைட் எங்கே என்று கேட்டார். லைட் இல்லை என்றாய். சத்தம் வருமா என்றார். வராது என்றாய். "அப்ப இது உசுரோட இருக்குன்னு எப்புடி தெரியும்?" என்று அவர் கேட்டதற்கு நீ சிரித்தாய். பிறகு எங்கள் இருவருக்கும் சொன்னாய்.

அது தூங்கும் என்றாய். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை விழிக்கும். மண்ணின் ஈரத்தைப் பார்க்கும், குழாய் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கும், மறுபடி தூங்கிவிடும். விழித்திருப்பது ஒரு நொடிகூட இல்லை. மணிக்கு ஒரு தடவை, பார்த்ததை மூன்று எண்களாக தோட்டத்து ஒஃபீஸ் கூரையில் நீ வைத்த பெரிய பெட்டிக்குச் சொல்லும். வயர் இல்லாமல், காற்றில். தூங்கும்போது அது குடிக்கிற மின்சாரம், கடையில் சும்மா கிடக்கும் பேட்டரி தானாக இழப்பதைவிடக் கொஞ்சம்தான் கூட என்றாய். நான் உள்ளே போய்க் கணக்குப் போட்டேன். ஒரு நாளில் நூற்று நாற்பத்து நான்கு தடவை விழிக்கிறது. எல்லாம் சேர்ந்து இரண்டரை நிமிடம்கூட இல்லை. மீதி நாள் முழுவதும் தூக்கம். அந்த இரண்டு நிமிடத்தில் அது ஒரு மலையைக் காவல் காக்கிறது.

அன்று உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பெரிதாகத் தோன்றியதை உடனே சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. இப்போது சொல்கிறேன். அவ்வளவு குறைவாகத் தின்று அவ்வளவு கவனமாக இருக்கும் ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இருக்கிற இரண்டு பேட்டரிக்குள் இரண்டு வருடத்தை எப்படி வைப்பது என்று உட்கார்ந்து யோசித்தவள் என் மகள். எத்தனை நொடி விழிக்கலாம், எத்தனை எண் சொல்லலாம், எதைச் சொல்லாமல் விடலாம் என்று.

நீ போன பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு வருடம் தாங்குவதை நான் மூன்றாக்கிக் காட்டுகிறேன் என்று.

நம் வீட்டில் பேட்டரியை எப்படி வைத்திருந்தோம், நினைவிருக்கிறதா. விடிவதற்கு முன் அப்பா ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைவீட்டுக்குப் போகிற டோர்ச்சுக்கு இரண்டு பேட்டரி. வந்ததும் கழற்றி வைப்போம். உள்ளேயே விட்டால் இறங்கிவிடும் என்று. ஞாயிற்றுக்கிழமை தகரக் கூரையில் வெயிலில் காய வைப்போம், கருவாடு மாதிரி வரிசையாக. எட்டு வயதில் நீ கேட்டாய், வெயில் அந்தத் தகரத்துக்குள் எப்படிப் போகிறது என்று. போகும், பேசாமல் இரு என்றேன். அதுதான் நான் உனக்குச் சொன்ன பதில். அது போவதில்லை, சூட்டில் கொஞ்ச நேரம் உள்ளே கிளறிவிட்டு ஏமாற்றுகிறது, பிறகு இன்னும் சீக்கிரம் சாகிறது என்று பல வருடம் கழித்து நீயே படித்து வந்து சொன்னாய். நான் தலையாட்டினேன். ஆனால் கை கேட்கவில்லை. கை பழையபடியே இருந்தது.

மாலையில் பிள்ளைகள் போனதும், காய் நறுக்கும் கத்தி நுனியால் பெட்டி மூடியின் நான்கு ஆணியையும் திருகி, இரண்டு பேட்டரியையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வருவேன். இரவில் அங்கே யார் இருக்கிறார்கள், எதற்கு வீணாக என்று நினைத்தேன். விடிகாலை ஐந்தரைக்கு, பிள்ளைகள் வருமுன் கூட்டிப் பெருக்க அறையைத் திறக்கும்போது திரும்பப் போட்டு மூடுவேன். ஞாயிற்றுக்கிழமை கூரையில் வெயில். நான்கு மாதம், ஒருநாள் தவறாமல். அப்பாவுக்குக்கூடத் தெரியாது. எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. நீ கொழும்பில் இருக்கிறாய், நான் இங்கே உன் வேலையில் கை கொடுக்கிறேன் என்று.

மே மாதம் மழை பிடித்த முதல் வாரத்தில் பெட்டி பேச்சை நிறுத்தியது. தேவைப்பட்ட அந்த வாரத்தில். நீ ஓடிவந்தாய். வெசாக் லீவு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாய். பேட்டரியை அளந்து பார்த்துவிட்டு, ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாய். ஒஃபீஸ் பெரிய கிளாக்கரும் குடையோடு வந்து நின்றார். துவ, துவ என்று தன் மகளைக் கூப்பிடுவதுபோலவே சிங்களத்தில் உன்னைக் கூப்பிடுகிற மனிதர். நீ அவருக்கும் எனக்குமாக, பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் சொன்னாய். பெட்டி தினமும் விடிகாலையில் தானாக விழுந்து, கரண்ட் போய்வந்ததுபோலப் புதிதாக எழும்புகிறது. இரவுத் தகவல் வராததற்குக் காரணம் தெரியும், ஒஃபீஸில் மாலையில் மெயின் சுவிட்சை அணைக்கிறார்கள், பெரிய பெட்டிக்குக் கரண்ட் இல்லை. ஆனால் இது ஏன் விழுந்து எழும்புகிறது என்பதுதான் தெரியவில்லை. பெட்டிக்கு எழுதிய புரோகிராமை ஆறு வாரமாக வரி வரியாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை என்றாய்.

புதிதாக எழும்பினால் என்ன என்று கேட்டது நான்தான்.

நீ சொன்ன பதில் எனக்கு அப்படியே இருக்கிறது. "எழும்பின ஒடனே அது பெரிய பெட்டிய கூப்புடும்மா. நான் வந்துட்டேன்னு. பதில் வந்தாத்தான் அடங்கும். வரலேன்னா மறுபடி கூப்புடும், இன்னும் பலமா. ஒஃபீஸ் தொறந்து கரண்ட் வர்ற வரைக்கும் ஒன்றரை மணித்தியாலம் கத்திக்கிட்டே இருக்கு. தூங்கறதுக்குச் செலவே இல்லம்மா. பேசறதுதான் செலவு. பதில் வருமான்னு காதத் தொறந்து வச்சுக்கிட்டு காத்திருக்கறதும் செலவு."

நான் புள்ளைக்காம்பராவில் பதினெட்டு வருடம் இருப்பவள். காலையில் தாய் போனதும் கத்துகிற பிள்ளையைப் பார்த்தவள். பதில் வராவிட்டால் குரல் ஏறும். ஏறி ஏறி, நெஞ்சு விம்மி, காலைப் பாலைக் கக்கி, பிறகு அன்று முழுவதும் அது ஒரு துணிபோலக் கிடக்கும். தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே என்று உதவிக்கு வருகிற பெண்களிடம் தினமும் சொல்பவள். இந்த வேலைக்கு வருமுன், நீ கைக்குழந்தையாக இருந்தபோது, நானே அதற்கு நேர்மாறாகச் செய்தேன். நீ அசையாமல் தூங்கினால் பயம் வரும், உள்ளங்காலில் கிள்ளிப் பார்ப்பேன். நீ வீறிட்டால் நிம்மதி. "உசுரோட இருக்கான்னு பாக்க புள்ளயக் கிள்ளுற பொம்பளய இப்பதான் பாக்குறேன்" என்று அப்பா சொல்வார். அதே கை. உன் பெட்டியையும் நான் தினமும் எழுப்பியிருக்கிறேன், பதில் சொல்ல ஆளில்லாத நேரம் பார்த்து.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கிளாக்கர் நின்றார். உன் முகம் அப்படி இருந்தது. வாயைத் திறந்தேன், தேத்தண்ணி ஊற்றவா என்று கேட்டேன்.

நீ புதுப் பேட்டரி போட்டாய். கிளாக்கர் பெரிய பெட்டிக்குத் தனி வயர் இழுத்துத் தந்தார், இரவிலும் கரண்ட் இருக்கும்படி. இனி அதைப் பார்க்க எனக்கு நேரம் இருக்காதும்மா, உங்களுக்காவது தெரியட்டும் என்று, தினமும் காலை ஏழு மணிக்கு என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும்படி செய்துவைத்தாய். ஈரம், சாய்வு, பேட்டரி. மண் நீ வைத்த அளவைத் தாண்டி நனைந்தால் எந்த நேரத்திலும் இன்னொன்று வரும். அடுத்த மாதம் கம்பஸில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, என் கணிப்பு தவறு, காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னாய். அதை எனக்குப் போனில் சொன்னபோது நீ அழவில்லை. அழுதிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்.

அன்றிலிருந்து அந்த மூடியை நான் தொடவில்லை. புல் வளர்ந்தால் குழாயைச் சுற்றி மட்டும் கையால் பிடுங்குகிறேன். கூரைப் பெட்டியின் சிம்முக்கு மாதாமாதம் ரீலோட் போடுவது நான். தினமும் ஏழு மணிக்குச் செய்தி வருகிறது. இரண்டு மழையும் நடுவில் ஒரு வெயிலும் பார்த்துவிட்டது. பதினேழு மாதம், அதே இரண்டு பேட்டரி. மூன்றாவது எண் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று, பேட்டரி எப்படி இறங்கும் என நீ கணித்துப் போட்ட கோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நீ ட்ரங்குப் பெட்டியில் விட்டுப்போன கொப்பியில் அந்தக் கோடு இருக்கிறது. உன் புத்தகங்களையும் நான்தான் எடுத்துப் படிக்கிறேன், உனக்குத் தெரியாது. கோடும் பேட்டரியும் ஒன்றாகவே போகின்றன. நீ சொன்ன இரண்டு வருடத்தைத் தாண்டும் போலிருக்கிறது.

நீ ஒரு தடவை கேட்டாய், அது இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று. இருக்கிறது என்றேன். குழாய் இருக்கிறது என்று நீ எடுத்துக்கொண்டிருப்பாய். அது உயிரோடு இருக்கிறது என்று சொன்னால், முன்னது ஏன் செத்தது என்று நீ கேட்பாய். அதனால் ஒரு வார்த்தையோடு நிறுத்தினேன்.

போன மாதத்து மழையைப் பற்றியும் உனக்குச் சொல்லவில்லை. காலையில் வெளித்திருந்தது, எல்லோரும் பால் வெட்டப் போய்விட்டார்கள். பத்து மணிக்கு இருட்டி ஊற்றத் தொடங்கியது. சிரட்டையில் வடிந்த பாலை மழைத்தண்ணீர் அடித்துப் போவதற்குள் சேர்க்க வேண்டுமென்று தாய்மார் மேலே ஓடிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் ஒன்பது பிள்ளைகள், எல்லாம் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கப்போகிற நேரம். போன் அடித்தது. ஏழு மணிச் செய்தி இல்லை, மற்றது. முதல் தடவை.

சாய்வு மாறவில்லை, ஈரம் மட்டும்தான் ஏறியிருந்தது. வெளியே எட்டிப் பார்த்தேன், சரிவு எப்போதும்போலத்தான் இருந்தது. நான்கு மாதத்தில் செத்த பெட்டி என்று யாராவது நினைத்திருந்தால் அங்கேயே இருந்திருப்பார்கள். அந்தக் கணக்கு பிழையில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். இரண்டு கைக்குழந்தைகளை உதவிக்கு வந்த ராணியிடம் கொடுத்தேன். ஒன்றை இடுப்பிலும் ஒன்றைத் தோளிலும் எடுத்துக்கொண்டேன். மற்ற ஐந்தையும் ஒரே சேலையைப் பிடிக்கச் சொல்லி, ஓடைக்கு அப்பால் கோயில் மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். எல்லாம் நனைந்தோம்.

மலை வரவில்லை. மாலைக்குள் ஈரம் இறங்கிவிட்டது. பிள்ளைகளைத் தேடி மண்டபத்துக்கு வந்த தாய்மாருக்குக் கோபம், சளி பிடித்துவிடும் என்று. ராணி அவர்களோடு சேர்ந்துகொண்டாள். "ஏங்க்கா, பொட்டி சொல்லிச்சுன்னு ஓடிவந்தீங்களா, மக செஞ்ச பொட்டின்னு ஓடிவந்தீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு, தன் பிள்ளையை இறக்கி விடுவதற்கு முன்பே, "இன்னைக்கு என்னாங்க்கா சொல்லுது?" என்று கேட்டாள். இப்போது தாய்மார் எல்லோரும் கேட்கிறார்கள். எண்ணைச் சொன்ன பிறகுதான் மேலே போகிறார்கள். யாரும் அவர்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நீ செய்தது இதுதான். நீ அதைப் பார்க்காமலே இருக்கிறாய்.

கோபப்படு. ஆறு வாரம் இல்லாத பிழையைத் தேடினாய், அந்தக் கோபம் உனக்கு உரியது. உன் சாரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அம்மா கழற்றினாள் என்றே சொல், பூசி மெழுக வேண்டாம். கஹவத்தைக்குப் போ என்று நான் சொல்லவில்லை. பில் போடும் வேலை பிடித்திருந்தால் இரு. கணக்கு வராது என்ற காரணத்துக்காக மட்டும் மறுக்காதே, அந்தக் காரணம் உன்னுடையது இல்லை, என்னுடையது. போவதாக இருந்தால் ஒன்றே ஒன்று. பெட்டி வைக்கிற ஒவ்வொரு இடத்திலும் என்னைப்போல ஒருத்தி இருப்பாள். நல்லது செய்வதாக நினைத்துக் கத்தி நுனியோடு வருவாள். அவளிடம் மூடியைத் தொடாதே என்று மட்டும் சொல்லிவிட்டு வராதே. அது தூங்குகிறது, எழுப்பினால் களைத்துப்போகும் என்று சொல். அவளுக்குப் புரியும்.

பிறகு, மாலையில் நான் உனக்குப் போன் எடுப்பது. நீ எடுக்காவிட்டால் மறுபடி, அதையும் எடுக்காவிட்டால் மறுபடி. அதையும் யோசித்தேன். வாரத்துக்கு ஒரு தடவை நீயே எடு. மூன்று எண் சொன்னால் போதும், சாப்பிட்டேன், தூங்கினேன், வேலை நடக்கிறது என்று. எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். பழகிக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை, காலை. இதைக் கடைசிப் பக்கத்தின் பின்புறம் எழுதுகிறேன். நேற்றிரவு ஐந்து பக்கத்தையும் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். கூடவே அந்தப் பதினேழு மாதத்துச் செய்திகளையும் ஒவ்வொன்றாக அனுப்பினேன், விடியும்வரை நேரம் பிடித்தது. பிறகு போய்ப் புள்ளைக்காம்பராவைத் திறந்து, பெட்டி கூப்பிட்டால் மட்டும் கேட்கட்டும் என்று போனை அங்கே அலுமாரியில் வைத்தேன். பின்பக்கம் போய்க் குழாயைச் சுற்றியிருந்த புல்லைப் பிடுங்கினேன். பெட்டியைத் தொடவில்லை.